எவர் பெயர் ஏட்டில்?



ஆராய்ச்சிக்குப் புறப்படும் மாணவன் நூலகம் நுழைகிறான், கலைக்களஞ்சியத்தைக் கையிலெடுக்கிறான், அச்சேறியதனைத்தும் அசைக்கவொண்ணா உண்மையென்றெண்ணிக் குறித்துக்கொள்கிறான். கேள்வி கேளாது குறிப்பெடுப்பவன் ஆராய்ச்சியாளனா? அல்லன், அவன் படியெடுப்பவன்!

அமெரிக்க விடுதலைப் போரைப் பாருங்கள். 1775-இல் மூண்டு, 1783-இல் பாரிசு உடன்படிக்கையோடு முடிந்த போர். மாந்தர் அனைவரும் நிகரென 1776-இல் முழங்கிற்று விடுதலைச் சாற்றுரை. அதை வரைந்த செபர்சனோ, தம் வாழ்நாளில் 600-க்கு மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தவர்! அடிமை வாணிகத்தின் பொருட்டு மன்னனைச் சாடி அவர் எழுதிய பகுதியையும் காங்கிரசு வெட்டியெறிந்தது. முழக்கம் வானை முட்டியது. விலங்கோ காலை விட்டகலவில்லை!

1775 நவம்பரில் வர்சீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர், கிளர்ச்சிக்காரரின் அடிமைகள் மன்னன் பக்கம் படைக்கலம் ஏந்தினால் விடுதலை என அறிவித்தார். கருணையாலா? இல்லை, பகைவனின் வலுவைக் குலைக்க! எனினும் அடிமைகள் ஓடினர். வாசிங்டனின் அடிமையாயிருந்த ஆரி வாசிங்டனும் 1776-இல் தப்பினார். தலைவர் விடுதலைக்குப் போரிட்டார்; அவருடைய அடிமையோ அவரிடமிருந்தே விடுதலை தேடினார்! 1783-இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறிய ஏறத்தாழ 3000 கருப்பரின் பெயர்களைத் தாங்கிய பதிவேட்டில் அவர் பெயரும் உண்டு.

போர்க்களங்களையும் தளபதிகளையும் அறிய, 1966-இல் வெளிவந்த போட்னரின் கலைக்களஞ்சியம் பயன்படும், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிடலாமா? போரில் கருப்பர் ஆற்றிய பங்கை 1961-இல் பெஞ்சமின் குவார்ல்சு ஆராய்ந்து எழுதினார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1855-இல், கருப்பரான வில்லியம் நெல் அதே பொருளில் நூல் யாத்தார். பெண்டிரின் பங்கை 1848-இல் எலிசபெத் எல்லட் தொகுத்தார். நூல் இல்லை என்று சொல்லாதீர். தேடவில்லை என்று சொல்லுங்கள்!

ஆகவே, மாணவத் தோழனே! நூலைத் திறந்ததும் பெயரகராதியைப் பார். எவர் பெயர் இருக்கிறதென்று மட்டுமன்று, எவர் பெயர் இல்லையென்றும் பார். எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதினார், எந்தச் சான்றைக் கண்டு எழுதினார் என்று கேள். ஒரு நூலோடு மற்றொன்றை மோதவிடு. பின்னர் மூல ஆவணத்தையே நாடிச் செல்.

தளபதியின் சிலை தெருவில் நிற்கிறது. அடிமையின் பெயரோ பதிவேட்டின் ஒரு வரியில் உறங்குகிறது. அவ்வரியைத் தட்டியெழுப்புவதே ஆராய்ச்சி! எழுக, தேடுக!