வாங்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் இன்னொரு விலை

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் வாரியமான செபியின் மதிப்புக்குரிய தலைவர் திரு. துஹின் காந்த பாண்டே அவர்களுக்கு,

நாகர்கோவிலில் வருமான வரிக் கணக்கு எழுதுவது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர்கள், ரப்பர் தோட்டக்காரர்கள் அதிகம். முன்பெல்லாம் இவர்கள் கொண்டுவரும் மஞ்சள் பையில் வங்கி வட்டிச் சான்றும் எல்.ஐ.சி. ரசீதும்தான் இருக்கும். இப்போது டீமேட் கணக்கின் மூலதன ஆதாய அறிக்கையும் அதில் சேர்ந்திருக்கிறது. அந்த அறிக்கைகளைப் புரட்டியதில் எழுந்த கோரிக்கை ஒன்று உண்டு. அதை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

பணம் போட்டு ஏமாந்த கதைகளுக்கு எங்கள் மாவட்டத்தில் பஞ்சமில்லை. 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி மூடப்பட்டபோது எங்கள் நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்தது. 2017இல் கேரள எல்லையோரம் மத்தம்பாலையில் ஒரு நிதி நிறுவனம் கதவடைத்தபோது இரண்டு மாநிலத்துக்காரர்களும் ஆயிரக்கணக்கில் காவல் நிலையத்துக்கு ஓடினார்கள். நடுவில் அதிக வட்டி ஆசை காட்டி வந்துபோன ‘பிளேடு’ கம்பெனிகளுக்குக் கணக்கே கிடையாது. இத்தனையும் பார்த்த ஊரில், குறியீட்டு ஈ.டி.எஃப். என்பது உண்மையிலேயே நல்ல வரவு. யாராவது கேட்டால் நானே அதைத்தான் சொல்வேன்.

ஏனென்றால் அதில் மர்மம் எதுவும் இல்லை. 1995 நவம்பர் 3ஆம் தேதி மதிப்பை 1000 என்று வைத்துப் போட்ட பங்குச் சந்தைக் குறியீடுதான் நிஃப்டி. அதில் 50 நிறுவனங்கள். நிறுவனர் கையிருப்பைக் கழித்து, சந்தையில் புழங்கும் பங்குகளின் மதிப்பு எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் ஒவ்வொன்றுக்கும் எடை. எச்டிஎஃப்சி வங்கி, ஐசிஐசிஐ வங்கி, ரிலையன்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்தே கால் பங்குக்கு மேல். எனவே நிஃப்டி ஏறியது என்றால் ஐம்பதும் ஏறியதாக அர்த்தமில்லை. இதைப் புரியவைக்கவே எனக்குப் பாதி நாள் போகிறது. அதே ஐம்பதை அதே எடையில் வாங்கி, சிறு யூனிட்டுகளாக்கிச் சந்தையில் விற்கலாம் என்று 2001 டிசம்பரில் பெஞ்ச்மார்க் நிறுவனம் நிஃப்டி பீஸைக் கொண்டுவந்தது. இந்தியாவின் முதல் ஈ.டி.எஃப். அதுதான். எந்தப் பங்கு ஓடும் என்று யாரும் ஊகிக்க வேண்டாம், அதனால் கட்டணமும் சொற்பம்.

வருங்கால வைப்பு நிதி நிறுவனமே 2015 ஆகஸ்ட் முதல் புதிதாக வரும் பணத்தில் 5 சதவீதத்தை ஈ.டி.எஃப்.களில் போடத் தொடங்கி, பிறகு அதை 15 சதவீதமாக்கியது. ஆக, பி.எஃப். பிடிக்கப்படும் எங்கள் ஊர் முந்திரி ஆலைப் பெண்களும் நிஃப்டிக்காரர்கள்தான். அது அவர்களுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

சிக்கல், தானே வாங்கப் போகிறவருக்கு.

ஈ.டி.எஃப். யூனிட்டுக்கு இரண்டு விலை. ஒன்று, சந்தையில் ஓடும் விலை. மற்றது, உள்ளே இருக்கும் பங்கின் அல்லது உலோகத்தின் அந்நேர மதிப்பு. அதாவது ஐ.என்.ஏ.வி. வழக்கமாக இரண்டும் ஒட்டியே நடக்கும். விலை ஏறினால், நீங்கள் கட்டாயமாக்கிய சந்தை உருவாக்குநர்கள் நிதி நிறுவனத்திடம் புது யூனிட் வாங்கி வந்து விற்பார்கள், விலை இறங்கிவிடும். புது யூனிட் பிறக்க வழியடைந்தால் இந்தச் சமன்பாடு கெட்டுவிடுகிறது. வெளிநாட்டு முதலீட்டு வரம்பு நிரம்பியதால் நாஸ்டாக் 100 போன்ற வெளிநாட்டுக் குறியீட்டு ஈ.டி.எஃப்.கள் மதிப்பைவிடக் கூடுதலாக விற்பது இதனால்தான். 2025 அக்டோபரில் வெள்ளிக்கும் இதே கதி. சரக்குத் தட்டுப்பாடு, தீபாவளிக் கிராக்கி. லண்டன் விலையை வைத்துப் போட்ட மதிப்பைவிடச் சந்தை விலை பத்து சதவீதத்தையும் தாண்டியது. சில நிதி நிறுவனங்கள் தங்கள் வெள்ளி ஃபண்டுகளில் மொத்தத் தொகையாகப் பணம் வாங்குவதையே நிறுத்தி வைத்தன. ஆனால் சந்தையில் வாங்கும் கதவு திறந்தேதான் இருந்தது.

ஒரு கணக்கு. மதிப்பு 150 ரூபாய் உள்ள யூனிட்டை 165க்கு ஒருவர் வாங்குகிறார், 200 யூனிட். கையைவிட்டுப் போனது 33,000. வந்து சேர்ந்த வெள்ளி 30,000க்கு. அன்று மாலை தரகரிடமிருந்து வரும் கான்ட்ராக்ட் நோட்டைப் பாருங்கள். தரகு, ஜிஎஸ்டி, முத்திரைத் தீர்வை, பரிவர்த்தனைக் கட்டணம் எல்லாம் காசு பிசகாமல் தனித்தனியாக இருக்கும். கோடிக்குப் பத்து ரூபாய் வீதம் செபியின் கட்டணமும் உண்டு. இந்தத் தொகைக்கு அது மூன்று காசு. அந்த மூன்று காசுக்கு ஒரு பத்தி இருக்கிறது. கூடுதலாகப் போன 3,000 ரூபாய்க்கு எந்தப் பத்தியும் இல்லை. வெள்ளி விலை ஒரு ரூபாய்கூட இறங்காமலே, இடைவெளி மூடினால் அந்தப் பணம் போய்விடும். அது ஏன் என்று அறிக்கையோடு என் எதிரே உட்கார்ந்து கேட்கிறார்கள்.

இவர்கள் விலை கேட்கத் தெரியாதவர்கள் அல்ல. குலசேகரத்தில் ரப்பர் ஷீட் எடை போடும் கடையில் நின்று பாருங்கள். தராசில் கட்டை ஏற்றுமுன்பே பெரியவர் செல்போனை நீட்டுவார்: “கோட்டயத்துல இன்னைக்கு என்ன போட்டிருக்கு, நீரு என்ன சொல்லுதீரு?” ரப்பர் வாரியம் அன்றன்று வெளியிடும் கோட்டயம் விலை அது. வியாபாரி ஈரம், கறை என்று கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் குறைத்துக் கேட்பார். எதற்குக் குறைகிறது என்பது இருவருக்கும் தெரிந்தே பேரம் நடக்கும். அதே பெரியவர் ஈ.டி.எஃப். வாங்கும்போது வியாபாரி சொல்லும் விலை மட்டும்தான் திரையில் தெரிகிறது. கோட்டயம் விலை இல்லை.

“ஐ.என்.ஏ.வி. பங்குச் சந்தையின் தளத்தில் இருக்கிறதே” என்று உங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். இருக்கிறது. பங்கு ஈ.டி.எஃப்.களுக்குப் 15 வினாடிக்குள் மதிப்பைப் புதுப்பித்து வெளியிட வேண்டும் என்பது உங்கள் விதி. நல்ல விதி. ஆனால் நான் பயன்படுத்தும் செயலியில் ஆர்டர் போடும் இடத்தில் அது கிடையாது. பொத்தானை அழுத்தப் போகிறவர் வேறொரு தளத்துக்குப் போய் ஆங்கிலப் பட்டியலில் தேடிவிட்டு வருவார் என்று யார் நம்புவது?

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. 25 கோடிக்கு மேல் வாங்குகிறவர் நிதி நிறுவனத்திடமே நேராகப் போகலாம். சிறியவருக்கும் விற்கும்போது ஒரு வழி வைத்திருக்கிறீர்கள்: சந்தை விலை தொடர்ந்து 7 வர்த்தக நாட்கள் மதிப்பைவிட 1 சதவீதத்துக்கு மேல் குறைந்து கிடந்தால், யூனிட்டை நிறுவனத்திடமே கொடுத்து வெளியேறலாம். குறைந்த விலைக்கு விற்கிறவருக்குக் காவல் உண்டு. கூடுதல் கொடுத்து வாங்குகிறவருக்கு அப்படி ஒன்றும் இல்லையே.

முன்மாதிரி உங்களிடமே இருக்கிறது. ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் பத்தில் ஒன்பது பேருக்கு நஷ்டம் என்ற எச்சரிக்கையை 2023 ஜூலை முதல் தரகர்களின் திரையில் ஏற்ற வைத்தது செபிதான். அதைப் படித்துவிட்டும் ஆடுகிறவர்கள் ஆடுகிறார்கள், சரி. அங்கே ஆட்டமே மோகம். ஈ.டி.எஃப். வாங்குகிற ஓய்வூதியருக்கு அந்த மோகம் இல்லை, விஷயம் தெரிந்தால் நின்றுவிடுவார்.

ஆகவே கேட்பது இதுதான். ஆர்டர் திரையில் சந்தை விலைக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில், ஐ.என்.ஏ.வி. இருக்கட்டும். இடைவெளி 1 சதவீதத்தைத் தாண்டினால் பொத்தானை அழுத்தியதும் ஒரு எச்சரிக்கை வரி எழட்டும். கான்ட்ராக்ட் நோட்டிலும் அதற்கொரு பத்தி வேண்டும். இதனால் மக்கள் மிரண்டு ஓடுவார்கள் என்ற பயம் வேண்டாம். நிஃப்டி பீஸ் போன்ற பெரிய ஈ.டி.எஃப்.களில் இடைவெளி பெரும்பாலும் காசுக்கணக்குதான், அங்கே அந்த வரி அநேகமாக எழாது. எழுகிற இடத்தில் இப்படி எழுதினால் போதும்: “இந்த யூனிட்டுக்கு அதன் மதிப்பைவிட 10 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். தொடரலாமா?” தமிழிலும் வேண்டும்.

இப்படிக்கு,
வரிக் கணக்கு எழுதுபவன்,
நாகர்கோவில்