முதலில் கவிழுங்கள்!

கடலில் கயாக் ஓட்டப் பழக விரும்பும் நேயர் ஒருவர், முதற்பாடம் எது என்று கேட்டிருக்கிறார். கவிழ்வதுதான்! நான் பரிகாசம் செய்வதாக அவர் எண்ண வேண்டாம். பிறர் நகைப்பார்களென்று அஞ்சி, விடியற்காலையில் தன்னந்தனியாகப் பழக உத்தேசித்திருப்பதாகவும் அவர் எழுதியிருக்கிறார். இது ஒன்றுதான் எனக்குக் கவலை தருகிறது.

வெள்ளைக்காரரின் விளையாட்டாக நம்மிடம் வந்து சேர்ந்ததனால், கயாக்கை அவர்களுடைய சிருஷ்டியென்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில், துருவத்தையடுத்த பனிநாடுகளில் ஸீல் வேட்டையாடி வாழ்ந்த இனூயிட் மக்கள், மரச் சட்டத்தின்மேல் தோலை இழுத்துத் தைத்துச் செய்த ஓடம் அது. கிரீன்லாந்து வேடன் தன் தோல் சட்டையை ஓடத்தின் வாயோடு சேர்த்துக் கட்டிக்கொள்வான். கவிழ்ந்தால், துடுப்பை வீசி ஓடத்தோடு நிமிர்ந்துவிடுவான். 1930-ல் அங்கு சென்ற கினோ வாட்கின்ஸ் என்னும் ஆங்கிலேயர், அவ்வேடர்களிடமே சிஷ்யராக அமர்ந்து இவ்வித்தையைக் கற்றுத் தேர்ந்தார். 1932 ஆகஸ்டில் தனியே வேட்டைக்குச் சென்றார். கவிழ்ந்து மிதந்த ஓடம் அகப்பட்டது; அவர் அகப்படவில்லை. வயது இருபத்தைந்து.

நிமிரும் வித்தை பிறகு வரட்டும். இக்காலத்துக் கடல் கயாக் சுமார் பதினாறு அடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ளது. தண்ணீர் புகாதபடி, இடுப்பில் அணிந்த பாவாடை ஒன்றை ஓடத்தின் வாய் விளிம்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். (ஆண்பிள்ளைகள் வெட்கப்பட வேண்டியதில்லை.) அதன் முன்புறத்து வார் எப்போதும் வெளியே தெரியவேண்டும். மார்பளவு அமைதியான நீரில், மிதவைச் சட்டை அணிந்து, ஆசிரியர் பக்கத்தில் நிற்கக் கவிழுங்கள். முன்புறம் குனிந்து, வாரைப் பிடித்து இழுத்து, விளிம்பில் கைகளை ஊன்றிக் கால்களை உருவிக்கொண்டால் வெளியே வந்துவிடலாம். பதறாதவனுக்குச் சில விநாடி வேலை. வந்தபின் ஓடத்தையும் துடுப்பையும் விட்டுவிடலாகாது. உடன் வந்தவர் உங்கள் ஓடத்தின் மூக்கைத் தம் ஓடத்தின்மேல் தூக்கி நீரை வடித்து, நிமிர்த்திப் பிடித்துக்கொள்வார், நீங்கள் ஏறிக்கொள்ளலாம். தனியே போகிறவருக்கு இதையெல்லாம் யார் செய்வார்?

துடுப்பு வலிப்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கையால் வலிப்பவர் சீக்கிரம் களைப்பார். இடுப்பைத் திருப்பி வலிப்பவர் களையார்.

காற்றுத்தான் பெரிய வஞ்சகன். நம் கீழ்க்கரையில் கச்சான் வீசும் வேளைகளில், கரையோரத்து நீர் தாம்பாளத்து எண்ணெய்போல் அசையாதிருக்கும். புதியவர் மகிழ்ந்து வெளியே செல்வார். காற்றும் முதுகில் கைவைத்துத் தள்ளும். அரை மைல் தாண்டியதும் அலை எழும். திரும்பினால் எதிர்க்காற்று, எவ்வளவு வலித்தாலும் கரை நெருங்காது. ஆகையால், கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாளில் புதியவர் இறங்கவே கூடாது. மற்ற நாட்களில் எதிர்க்காற்றில் புறப்பட்டு, காற்றோடு திரும்புவது நலம். வானிலை அறிக்கையைப் பார்ப்பதோடு, கரையில் வலை உலர்த்தும் பெரியவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். படித்தவர்களாகிய நமக்கு அவரைக் கேட்பதில் ஏனோ ஒரு கூச்சம்.

நேயர் அஞ்சுகிற அந்தச் சிரிக்கும் சிநேகிதர்களுள் இருவரை உடன் அழைத்துச் செல்லட்டும். அவர் கவிழும்போது அவர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கட்டும். சிரித்துக்கொண்டே ஓடத்தின் மூக்கைத் தூக்கினால் போதும்.