கடை வாங்கில் ஓரிடம்

ஆவணி விடுமுறை பிறந்ததும் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்படுவது ஆண்டுதோறும் நிகழும் காட்சி. சிகிரியாக் குன்றையும் கண்டி வாவியையும் நுவரெலியாவின் குளிரையும் அனுபவித்துத் திரும்புவோர் அவற்றைப் பற்றி வாரக்கணக்கிற் பேசுவர்; சிலர் பயணக் கட்டுரையும் எழுதுவர். எங்கே சாப்பிட்டீர்கள் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு சாரார், அடுப்பும் சட்டி பானையும் அரிசி மூட்டையும் வானின் பின்னாலே ஏற்றிச் சென்று, குளக்கரை மருத நிழலிலே யாழ்ப்பாணத்துச் சோற்றையே சமைத்து உண்டு வந்தவர்களாயிருப்பர். மற்றொரு சாரார், கைத்தொலைபேசியில் நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்து, உலகத்து உணவையெல்லாம் ஒரே மேசையில் அடுக்கி வைத்திருக்கும் குளிரூட்டிய விடுதிகளிற் புகுந்து வந்தவர்களாயிருப்பர். இவ்விரு சாராரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போவர். வழியோரத்துச் சிறிய சாப்பாட்டுக் கடைகளின் பக்கம் அவர்கள் தலைவைத்தும் படுப்பதில்லை.

இது பெரும் இழப்பு என்பது என் கருத்து. நாக்குக்கு நேரும் இழப்பை மட்டும் நான் சொல்லவில்லை. ஓர் ஊரின் கோயிலையும் குன்றையும் பார்த்தவன் அந்த ஊரைப் பார்த்தவனாகிறான். அந்த ஊர்க் கடையின் வாங்கிலே, முன்பின் அறியாத ஒருவனுக்குப் பக்கத்தில், அவன் உண்பதையே உண்டவன் அந்த ஊராரோடு இருந்தவனாகிறான். இரண்டும் ஒன்றல்ல. இதைப் பல ஆண்டுகளாக நண்பர்களிடம் வாதித்து வந்திருக்கிறேன். ஆனால் அந்த வாங்கின் பெறுமதியை நானே முழுமையாக அறியாதிருந்தேன் என்பதைச் சென்ற ஆவணிப் பயணம் எனக்குக் காட்டியது.

நாங்கள் நால்வர். அனைவரும் எழுபதை அண்மித்தவர்கள். ஒருவர் விஞ்ஞான ஆசிரியர். ஒருவர் உப அதிபராக இருந்தவர். ஒருவர் வங்கியிலே பணிபுரிந்தவர், கடும் சைவர். நான் தமிழாசிரியன். அடுப்பும் வேண்டாம், நட்சத்திரமும் வேண்டாம், வழியிற் காணும் கடைகளிலேயே உண்போம் என்ற என் கட்சி அம்முறை வென்றது. உப அதிபர் மட்டும், "சுத்தம் எப்படியோ?" என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, கொதிக்க வைத்த நீரைப் போத்தல்களில் நிரப்பிக்கொண்டு வந்தார்.

முதல் நிறுத்தம் முறிகண்டி. கண்டி வீதியிற் செல்லும் வாகனம் எதுவும் அங்கே பிள்ளையாரை வணங்காமலும் கச்சான் வாங்காமலும் போவதில்லை. தேங்காய் உடைத்துக் கும்பிட்ட பின்னர், மூவர் வானடியிலே நின்றபடி காகிதக் குவளையில் தேநீர் குடித்தோம். விஞ்ஞான ஆசிரியர் மாத்திரம் கடைக்குள்ளே சென்று, விசிறிக்குக் கீழே உள்ள வாங்கில் அமர்ந்து, கிளாசிலே வாங்கிக் குடித்தார். அவர் வரும்வரை நாங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. "உள்ளுக்கை இருந்து குடிச்சாத்தான் மாஸ்ரருக்குத் தேத்தண்ணி இனிக்கும் போல" என்று வங்கி நண்பர் பகிடி பண்ணினார். அவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை. இதே பகிடியை நாற்பது ஆண்டுகளாக நாங்கள் பண்ணி வருகிறோம். ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் விளையாட்டுப் போட்டி நாட்களிலும் அவர் வழக்கம் அதுவே.

வன்னியிலே, விவசாயத் திணைக்களத்தின் ஆதரவுடன் பெண்கள் நடத்தும் 'அம்மாச்சி' உணவகம் ஒன்றிற் குரக்கன் ரொட்டியும் இலைக்கஞ்சியும் காலை உணவாயின. கண்ணெதிரே சுட்டு, கண்ணெதிரே பரிமாறுகிறார்கள். உப அதிபரின் கொதிநீர்ப் போத்தல் திறக்கப்படவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மதியம் தம்புள்ளைக்கு இப்பால் ஒரு சிங்களக் குடும்பத்தின் கடை. கணவன் காசுப் பெட்டியிலும் மனைவி மண்சட்டிகளுக்குப் பின்னாலும் நின்றார்கள். எங்களுக்குச் சிங்களம் சில சொற்களே தெரியும். அந்த அம்மையாருக்குத் தமிழ் அதனினும் குறைவு. வங்கி நண்பர் "எலவளு, எலவளு" என்று சொல்லி, மீனைப் போலக் கையை அசைத்து, பின்னர் அந்தக் கையாலேயே வேண்டாம் என்று காட்டினார். அம்மையாருக்கு விளங்கிற்று. சிவப்பரிசிச் சோறு, பலாக்காய்க் கறி, பருப்பு, தேங்காய்ப்பூ இட்டுச் சுண்டிய கீரை. அதை அவர்கள் 'மல்லுங்' என்பர். நாம் வறை என்போம். கீரை நறுக்கும் விதத்திலன்றி வேறெதிலும் பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை. கேளாமலே இரண்டாம் முறையும் சோறு வந்தது. அதற்குத் தனிக்கணக்கு இல்லை. தேங்காய்ச் சம்பலை வங்கி நண்பர் இருமுறை கேட்டு வாங்கினார். மூன்றாம் முறையும் கை நீட்டியபோது, "ஐயா, அதிலை மாசி கிடக்கு" என்றான் சாரதித் தம்பி. மாசிக் கருவாடு இடாத சம்பல் தெற்கிலே அரிது என்பதை எங்களுள் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. நண்பர் எஞ்சியதைக் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார். ஆயினும் மாத்தளை தாண்டும் வரையில் அச்சம்பலைப் பற்றியே அவர் பேசி வந்ததைப் பார்த்தால், அந்தத் தவறு அவருக்கு முற்றாக வெறுப்பாயிருந்தது என்று சொல்ல மாட்டேன்.

இனி ஹற்றனுக்கு வருவோம்.

மறுநாட் பிற்பகல் அங்கே சேர்ந்தபோது மழை. கடைவீதியில் வானை நிறுத்த இடமில்லை. ஒரு சிறிய தேநீர்க் கடையின் முன்னே, சாரதித் தம்பி எந்திரத்தை நிறுத்தாமலே நின்றான். கடைக்குள் தோட்டத்துச் சனம் நிறைந்திருந்தது. "நனையத் தேவையில்லை. தேத்தண்ணியை வானுக்கே கொண்டுவரச் சொல்லுவம்" என்றார் உப அதிபர். நல்ல யோசனைதான். ஆனால் விஞ்ஞான ஆசிரியர் கதவைத் திறந்தார். "நீங்கள் குடியுங்கோ. நான் கடைக்கு வெளியிலை தேத்தண்ணி குடிக்கிறேல்லை" என்று சொல்லிவிட்டு மழையிலே இறங்கிப் போனார்.

குரலிலே பகிடிக்கு இடமிருக்கவில்லை. நாங்களும் இறங்கினோம்.

உள்ளே ஒரு மேசையடியில் நெருக்கியடித்து அமர்ந்தோம். கேளாமலே ஒரு கோப்பை நிறையப் பணிசும் றோல்சும் கடலை வடையும் வந்து மேசையில் இறங்கின. நம் நாட்டுக் கடைகளின் இந்த வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். எண்ணிக் கொடுப்பதில்லை, உண்டு முடித்த பின் மிச்சத்தை எண்ணிக் கணக்குப் போடுகிறார்கள். யாரென்று தெரியாதவனை முதலில் நம்பிவிட்டு, விலையைப் பின்னாற் பேசுகிற வணிகம் இது. தேநீரும் வந்தது. தூள் தேயிலையிலே கடுஞ்சாயமாக ஊற்றி, இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேநீர். அதைக் கையிற் பிடித்தபடியே நண்பர் சொன்னார்.

அவருக்கு அப்போது பத்து வயது. தகப்பனார் கூலி வேலை செய்தவர். சனிக்கிழமைகளிற் சந்தைக்கு மகனையும் அழைத்துச் செல்வார். சந்தைக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை. அதன் வாங்கிலே அவர்கள் இருத்தலாகாது. கடைக்குப் பக்கத்து வேலியிலே சில வெறும் போத்தல்கள் கயிற்றிற் கட்டித் தூங்கும். தகப்பனார் ஒன்றைக் கழற்றிக் கழுவி நீட்டுவார். கடைக்காரர் மேலே தூக்கிப் பிடித்த பாத்திரத்திலிருந்து, கை படாமல், அதற்குள்ளே தேநீரை ஊற்றுவார். முற்றத்திற் குந்தியிருந்து தகப்பனும் மகனும் மாறி மாறிக் குடிப்பார்கள். குடித்து முடிந்ததும் தகப்பனாரே போத்தலைக் கழுவி மீண்டும் வேலியிற் கட்டுவார்.

"காசு மட்டும் ஒரே காசு, மாஸ்ரர். போத்தலுக்கெண்டு ஒரு சதமும் குறைக்கேல்லை" என்றார்.

அது 1965ஆம் ஆண்டு அளவில். உணவுக் கடைகளிலும் பிற பொது இடங்களிலும் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று கூறும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறி எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. அதற்கு முன்னரே சிறுபான்மைத் தமிழர் மகாசபையினர் யாழ்ப்பாண நகரத்துத் தேநீர்க் கடைகளைத் திறப்பிக்கப் போராடியிருந்தனர். நகரத்திற் சில கடைகள் திறந்தன. கிராமத்துப் போத்தல்கள் வேலியிலேயே தூங்கின. 1966 ஒக்டோபர் 21இற் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தின் பின்னரே போராட்டம் ஊர் ஊராகப் பரவிற்று. தேநீர்க் கடைகளும் கோயில் வாசல்களும் களங்களாயின, உயிர்களும் போயின. ஒரு கிளாஸ் தேநீருக்காக உயிர் கொடுத்தவர்கள் என்று சொல்வது பிழை. வாங்கில் ஓர் இடத்துக்காகக் கொடுத்தார்கள்.

அந்தச் சந்தைக் கடையின் உள்ளே தகப்பனார் முதன்முதலாக அமர்ந்த நாளும் நண்பருக்கு நினைவிருக்கிறது. கிளாசைத் தூக்கியபோது கை நடுங்கி, தேநீர் வேட்டியிலே சிந்தியதாம். அன்று வீட்டுக்கு வந்து, "இனி வெளியிலை நிண்டு குடியாதை" என்று மகனுக்குச் சொன்னாராம். மகன் குடிக்கவில்லை. அறுபது ஆண்டுகளாகக் குடிக்கவில்லை. அதைத்தான் நாங்கள் நாற்பது ஆண்டுகள் பகிடி பண்ணினோம்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் ஊர்க் கடையின் வேலியிலும் போத்தல்கள் தூங்கின. அவை எதற்கென்று எனக்குத் தெரியும். ஊரிலே தெரியாதவர் எவருமில்லை. நான் முன்வாசலால் ஏறி, வாங்கில் அமர்ந்து, வாய்ப்பன் தின்று வளர்ந்தவன். 1972இல் வெளிவந்த டானியலின் 'பஞ்சமர்' நாவலைப் பன்முறை படித்திருக்கிறேன். உயர்தர வகுப்பிலே அதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். இலக்கிய வட்டத்திற் கட்டுரையும் வாசித்திருக்கிறேன். அதே பாடசாலையில், ஆசிரியர் ஓய்வறையிலே அடுத்த கதிரையில் இருந்தவரிடம், நீர் ஏன் எப்போதும் உள்ளே போயிருந்து குடிக்கிறீர் என்று ஒருநாளாவது கேட்டேனில்லை. பகிடிதான் பண்ணினேன். நூலிலே கண்ட துயரத்துக்குக் கண்ணீர் விடுவது எளிது; அந்தத் துயரம் நம்முடன் ஒரே அறையில் இருந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கும் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

ஆகையால், வழியோரக் கடைகளைத் தவிர்க்கும் நம்மவரிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். சுத்தம் என்கிறோம். நல்லது, கொதித்த நீர் வேண்டும், கழுவிய கோப்பை வேண்டும், ஈ மொய்க்காத பண்டம் வேண்டும். வயிறு கெட்ட அனுபவம் எனக்கும் உண்டு. இவற்றைக் கேட்பவரை நான் குறை சொல்லேன். ஆனால் தமிழிலே சுத்தம் என்ற சொல் நெடுங்காலம் வேறொரு வேலையும் செய்து வந்திருக்கிறது. யார் சமைத்தது, முன்னர் யார் குடித்த கிளாஸ், பக்கத்தில் இருப்பவன் யார் என்ற கேள்விகளையும் அது தன் மடியிலே ஒளித்து வைத்திருக்கும். வானின் பின்னாலே அண்டாவை ஏற்றும்போது, ஏற்றுவது எந்தச் சுத்தத்துக்காக என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்பதில் நட்டமில்லை. கடை வாசல்கள் திறந்துவிட்டன. வீட்டு வாசல்கள், அதிலும் அடுக்களை வாசல்கள், அவ்வளவு தூரம் திறந்துவிட்டதாக நான் சொல்லத் துணியேன். அந்த வகையிலே, யாரென்று கேளாமல் கோப்பையைக் கொண்டுவந்து வைக்கும் ஹற்றன் கடைப் பையன் நம் வீடுகளை விட நெடுந்தூரம் முன்னே நிற்கிறான். இந்தப் பெருமை வணிகத்துக்கு உரியதன்று. போத்தலை நீட்டியதும் வணிகந்தான்.

ஹற்றனில் மழை விடவில்லை. கொழுந்து பறித்துத் திரும்பிய ஒரு பெண், கையில் ஒரு பிள்ளையுடன் உள்ளே வந்து இடம் தேடி நின்றாள். உப அதிபர் ஒதுங்கி வாங்கில் இடம் விட்டார். பிள்ளை எங்கள் கோப்பையிலிருந்த பணிசையே பார்த்தது. அதை எடுத்துக் கொடுத்தவரும் உப அதிபர்தான். கணக்குப் பார்க்க வந்த பையன், "வடை ஏழு, றோல்ஸ் நாலு, பணிஸ் ரெண்டு" என்றான். பணிஸ் மூன்று என்று அவனைத் திருத்தி, காசைக் கொடுத்தார்.

திரும்பும் வழியிலும் முறிகண்டியில் நின்றோம். இருட்டிவிட்டது, யாத்திரை வண்டிகள் பல நின்றன. நால்வரும் கடைக்குள்ளே போனோம். வாங்குகள் நிறைந்திருந்தன, விசிறிக்குக் கீழே ஓர் இடம் மட்டும் இருந்தது. விஞ்ஞான ஆசிரியர் எங்களைப் பார்த்துத் தயங்கினார். "நீர் இரும்" என்றார் வங்கி நண்பர். அவர் இருந்தார். நாங்கள் மூவரும் கிளாசைக் கையில் ஏந்தியபடி, போவோர் வருவோருக்கு வழிவிட்டு வழிவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தோம்.