மணலுக்குப் பல் எதற்கு?

துபாயிலிருந்து ஹத்தா போகும் சாலையில் அல் பதாயர் என்றொரு இடம் இருக்கிறது. ஊரெல்லாம் 'பிக் ரெட்' என்று சொல்லும் செம்மணல் மேடு அங்கேதான். குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை அதன் அடிவாரத்தில் போய் நின்று பாருங்கள். வண்டிகள் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஜோடித்த மாதிரி வந்து நிற்கும். ஏணி வைத்து ஏற வேண்டிய உயரத்தில் ஜீப்புகள், கடைவாய்ப் பல்லைப் போலப் புடைத்த டயர்கள், சக்கரத்துக்கு உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும் சிவப்பு ஸ்பிரிங்குகள். அரைமணி நேரம் பொறுத்தால் அவற்றில் இரண்டு மூன்றாவது மணலில் வயிறு தட்டி உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் நாலு பேர் முட்டி போட்டுக் கையால் மணலை அள்ளிக்கொண்டிருப்பார்கள்.

கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு. ஷார்ஜாவில் ஒரு கராஜுக்காரர் சொன்னதை வேதவாக்காக நம்பி, ஒன்றரை மாதச் சம்பளத்தைக் கொட்டி, என் வண்டியை 3 அங்குலம் தூக்கி, சேற்று டயர் நாலும் மாட்டிக்கொண்டு போனவன் நான். முதல் மேட்டின் பாதியிலேயே வண்டி நின்றது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க டயர் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதாவது, தோண்டியது. பின்னால் ஒரு பழைய பஜெரோ வந்து நின்றது. கம்பெனியிலிருந்து வந்த அதே உயரம், பாதி தேய்ந்த டயர். இறங்கி வந்தவர் கண்ணூர்க்காரர். கயிறு எடுப்பார் என்று பார்த்தால், சாவி முனையால் என் டயர் வால்வை அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "காத்தைக் கொறைங்க அண்ணா, மத்ததெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்றார். நாலு டயரிலும் காற்று இறங்கக் கால்மணி நேரம் ஆனது. ரிவர்ஸ் போட்டேன், வண்டி வந்துவிட்டது.

பாலைவனத்துக்கு வண்டி உயரமாக இருக்க வேண்டும், டயரில் பெரிய பல் இருக்க வேண்டும் என்கிற நம்பிக்கை வளைகுடாவில் கார் வைத்திருக்கும் பாதிப்பேர் மண்டையில் உட்கார்ந்திருக்கிறது. இது மணலில் பிறந்த அறிவே கிடையாது. கலிஃபோர்னியாவின் ரூபிகான் பாதையிலும் யூட்டாவின் மோவாபிலும் பாறைமேல் ஏறும் வண்டிகளின் படங்களிலிருந்து வந்தது. பாறை வண்டியின் அடிவயிற்றை இடிக்கும் என்பதால் அங்கே உயரம் வேண்டும். களிமண் டயரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் சேற்றில் அதை உதறியெறியும் அகன்ற பல் வேண்டும். காய்ந்த மணல் இடிப்பதுமில்லை, ஒட்டுவதுமில்லை. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான், ஆனால் இந்தப் பூனை திர்ஹம் கொடுத்துச் சூடு வாங்குகிறது.

கணக்கைப் பாருங்கள். ஆளும் சாமானும் சேர்த்து 2,400 கிலோ வண்டி என்றால் சக்கரத்துக்கு 600 கிலோ. டயரில் 35 பிஎஸ்ஐ காற்று இருந்தால் ஒரு சதுர சென்டிமீட்டர் சுமார் இரண்டரைக் கிலோவைத் தாங்கும். ஆக, தரையைத் தொடும் பரப்பு 240 சதுர சென்டிமீட்டருக்குப் பக்கத்தில், ஓர் ஆள் ஷூவின் அடிப்பாகம் அளவுக்கு இருக்கும். காற்றை 15க்கு இறக்கினால் அதே டயர் 570 சதுர சென்டிமீட்டர்வரை பரவும். டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் சுமையைத் தாங்குவதால் நிஜத்தில் இது முன்னேபின்னே இருக்கும். பரப்பு இப்படி இரண்டு மடங்குக்கும் மேல் கூடுவதற்கு ஒரு காசு செலவில்லை. அகலமான டயரை வாங்கி அதே 35ஐ வைத்தால் பரப்பு பெரிதாக மாறாது, தடத்தின் வடிவம்தான் மாறும். காற்றை இறக்கும்போது தடம் முக்கியமாக நீளவாக்கில் நீள்கிறது. வண்டி தன் முன்னால் தானே பாய் விரித்துக்கொண்டு போவது மாதிரி. ஒட்டகத்தின் பாதமும் இந்த வேலையைத்தான் செய்கிறது. அதற்குக் குளம்பு கிடையாது. மெத்தை போன்ற பாதம் மிதித்தவுடன் விரிந்துகொடுக்கும்.

காற்றைக் குறைப்பது நேற்றைய கண்டுபிடிப்பும் இல்லை. ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் 1920களின் கடைசியிலும் 1930களின் தொடக்கத்திலும் எகிப்து-லிபியா மணற்கடலுக்குள் ஃபோர்டு கார்களை ஓட்டிக்கொண்டு போனார். நான்கு சக்கர இழுவை இல்லாத சாதாரண ஃபோர்டு. டயரில் காற்றைக் குறைத்தார், புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் வைக்க இரும்புத் தகடுகளைக் கொண்டுபோனார். 1940இல் அவர் உருவாக்கிய பாலைவனப் படைப்பிரிவும் ஷெவர்லே லாரிகளைப் பெருமளவில் பயன்படுத்தியது. அவற்றில் பின்சக்கரத்துக்கு மட்டுமே இழுவை, போட்டிருந்ததோ காற்று குறைவாக வைத்த பருத்த டயர்கள். மணல் எப்படி நகர்கிறது என்று 1941இல் அவர் எழுதிய நூலைச் செவ்வாய்க் கிரக மணலை ஆராய்கிறவர்கள்கூடப் புரட்டியிருக்கிறார்கள். நம் ஆட்கள் மட்டும் டயர் கடைக்காரரின் விலைப்பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

டகார் பாலைவனப் பந்தய வண்டிகளைப் பார்க்கவில்லையா என்பார்கள். பார்க்கலாமே. 2016, 2017, 2018 மூன்று ஆண்டும் டகாரை வென்ற பெஜோக்கள் பின்சக்கர இழுவை மட்டுமே உள்ளவை. 2020, 2021இல் வென்ற மினி பக்கிகளும் அப்படியே. அவற்றின் ஓட்டுநருக்கு விதிகள் ஒரு சலுகை தந்தன. இருக்கையிலிருந்தே, ஓடும்போதே, டயர்க் காற்றை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். எடையிலும் சஸ்பென்ஷனிலும் விதிகள் அவற்றுக்கு இடம் கொடுத்தன என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அங்கே கொடுத்தது நிற்கும் உயரத்தை அல்ல, சக்கரம் மேலும் கீழும் போய்வரும் ஆட்டத்தை. 2022இல் புதிய விதிகளில் நான்கு சக்கர இழுவை வண்டிகளுக்கும் அந்த ஆட்டத்தை 280 மில்லிமீட்டரிலிருந்து 350க்கு உயர்த்தினார்கள். ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு கட்டையை வைத்து வண்டியைத் தூக்கும் மலிவு லிஃப்ட் கிட் இந்த ஆட்டத்தை ஒரு மில்லிமீட்டர்கூட கூட்டாது. நின்ற இடத்தில் உயரமாகத் தெரியும், அவ்வளவுதான்.

அந்த உயரத்துக்கு விலையும் உண்டு. இரு சக்கரங்களுக்கும் இடையே 160 சென்டிமீட்டர் அகலமும், தரையிலிருந்து 75 சென்டிமீட்டரில் எடை மையமும் உள்ள வண்டி, நின்றபடி 47 டிகிரிவரை சாய்ந்து தாங்கும். எடை மையத்தை 10 சென்டிமீட்டர் தூக்கினால் 43 ஆகிவிடும். மணல் மேட்டின் சரிவு 34 டிகிரிதானே, இன்னும் இடம் இருக்கிறதே என்று யாராவது கேட்கலாம். வண்டி நிற்கும்போது போட்ட கணக்கு இது. குறுக்கே ஓடும்போது கீழ்ப்பக்கச் சக்கரம் புதையும், அந்தப் பக்க ஸ்பிரிங் அமுங்கும், பயந்துபோன கை ஸ்டீயரிங்கை மேட்டுப்பக்கம் வெட்டும். மிச்சமிருந்த ஒன்பது டிகிரி அந்த ஒரு நொடியில் காணாமல் போகும்.

சஸ்பென்ஷனுக்குச் செலவே செய்யாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஷாக் அப்சார்பருக்குச் செய்யுங்கள். வண்டியின் துள்ளலை வெப்பமாக மாற்றுவதுதான் அதன் வேலை. அலையலையான சரளைச் சாலையில் நாற்பது நிமிடம் ஓட்டிவிட்டு அதைத் தொடாதீர்கள், தோல் உரிந்துவிடும். சாதாரண இரட்டைக் குழாய் ஷாக்கில் எண்ணெய் சூடேறி, காற்றோடு கலந்து, நுரைத்துப்போகும். அதன்பின் அது வெறும் குழாய். நைட்ரஜனையும் எண்ணெயையும் ஒரு மிதக்கும் பிஸ்டனால் பிரித்து வைத்த பருத்த ஒற்றைக் குழாய் ஷாக் இந்தச் சூட்டைத் தாங்கும். எண்ணெய்க்குத் தனிக் குப்பி வைத்தது இன்னும் நேரம் தாங்கும். ஸ்பிரிங் விஷயத்தில் ஒரே கேள்விதான்: வண்டியில் எவ்வளவு எடை நிரந்தரமாக இருக்கிறது? இரும்பு பம்பர், வின்ச், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சுமக்கும் வண்டிக்குச் செய்த முரட்டு ஸ்பிரிங்கை, ஒரு பிரியாணிப் பாத்திரமும் மூன்று குழந்தைகளும் போகும் வண்டியில் மாட்டினால் சக்கரம் மணலைத் தொடுவதைவிடக் குதிப்பதுதான் அதிகம்.

டயரில் பார்க்க வேண்டியது பக்கச் சுவர். அது மடங்கிக் கொடுத்தால்தான் காற்றை இறக்கியதற்குப் பலன். பத்து பிளை என்று பெருமையாக விற்கும் லாரித்தனமான டயர், 15 பிஎஸ்ஐயிலும் விறைத்துக்கொண்டு நிற்கும். கூர்மையான கல் நிறைந்த வாடியில், அதாவது காய்ந்த ஆற்றுப்படுகையில், அதற்கு வேலை உண்டு, மணலில் கிடையாது. 20 அங்குல ரிம்மில் வரும் ஒல்லி டயரும் அப்படியே: மடங்க அங்கே சுவரே இல்லை. 17 அங்குல ரிம், உயரமான மெல்லிய சுவர், தோள் உருண்ட சாதாரண ஆல்-டெரெய்ன் பல் போதும். பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். இந்த வெயிலில் பழைய ரப்பரை நம்பிப் போகக் கூடாது. விட்டம் பெரிய டயர் மணலில் கொஞ்சம் உதவும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 31க்குப் பதில் 33 போட்டால் கியர்கள் எல்லாம் 6 சதவீதம் நீண்டதுபோல் ஆகி, மேட்டில் இன்ஜின் திணறும். பந்தய பக்கிகளின் பின்டயரில் துடுப்பு மாதிரிக் கட்டைகள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். எடை குறைந்த பக்கியில் ராட்சத இன்ஜின் வைத்து, மணலை வாரியடித்தே முன்னேறும் ஜாதி அது. உங்கள் வண்டியில் ஏசியும் குழந்தை இருக்கையும் இருக்கின்றன.

காற்றைக் குறைத்தால் டயர் வெடிக்கும் என்று பயமுறுத்துகிறவர்கள் பாதி உண்மையைச் சொல்கிறார்கள். 15இல் வைத்தபடியே தார்ச்சாலையில் ஏறி நூறில் போனால் சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி வெடிக்கத்தான் செய்யும். மணலிலும் பத்துக்குக் கீழே இறக்கிவிட்டுச் சடாரென்று திருப்பினால் டயர் ரிம்மிலிருந்து கழன்று விழும். அதனால் ஒரு நல்ல காற்றழுத்த மானியும் ஒரு கம்ப்ரசரும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரு சேற்று டயரின் விலைகூட வராது. கடைக்காரர் இதைச் சொல்லாததில் ஆச்சரியமில்லை. காற்றை விட்டால் அவருக்கு என்ன கிடைக்கும்?

என் சேற்று டயர்களைப் பாதி விலைக்கு விற்றேன். வாங்கிய தம்பியிடம் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அந்த 3 அங்குலம் மட்டும் கூடவே இருந்தது. அடுத்த வருடம் பாஸிங் என்கிற வண்டிப் பரிசோதனைக்குப் போனபோது கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள். மாட்டிய அதே கராஜில்தான் கழற்றினேன். கூலியில் பத்து திர்ஹம் குறைத்துக்கொண்டார்.