கிழ வீரன்

வீரன் என்றால் வாலிபன்தானா?

ஆங்கிலேயரின் பழைய காவியம் 'பியோவுல்ப்'. 3,182 அடிகள் கொண்டது. சுமார் கி.பி. 1000-ல் எழுதிய தோல் ஏடு லண்டனில் இருக்கிறது. 1731-ல் தீயில் ஓரம் கருகியும் தப்பிய ஏடு!

டென்மார்க் மன்னன் ரோத்காரின் மண்டபத்தில் 12 ஆண்டுகள் ஆட்களைத் தின்று வந்தான், கிரெண்டல் என்ற அரக்கன். கடல் கடந்து வந்த வாலிபன் பியோவுல்ப் ஆயுதம் இன்றி மல்லுக்கு நின்றான். அரக்கனின் கையைப் பிய்த்து எடுத்தான். பழி வாங்க வந்த அவன் தாயையும் ஏரிக்கு அடியில் போய்க் கொன்றான்.

பலரும் புகழ்வது இதைத்தான். எனக்கென்னவோ பின்பகுதிதான் பெரிதாகப் படுகிறது. பியோவுல்ப் இப்போது 50 ஆண்டுகள் அரசாண்ட கிழவன். நெருப்பைக் கக்கும் நாகத்தோடு மோதுகிறான். கூட வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். விக்லாப் ஒருவனே துணை நின்றான். நாகம் செத்தது. மன்னனும் மாண்டான்.

பாடிய புலவர் கிறிஸ்தவர். கிரெண்டலை, தம்பியைக் கொன்ற காயீனின் வம்சம் என்கிறார். விக்கிரகங்களிடம் வேண்டிய டேனியரைக் கண்டிக்கிறார். பியோவுல்ப்பும் கிறிஸ்துவை அறியாத காலத்தவன்தான். ஆனால், அவனை நரகத்துக்கு அனுப்பப் புலவருக்கு மனம் வரவில்லை! பழைய வழக்கப்படி சிதை மூட்டியதையும், கடலோர மேட்டில் எழுப்பிய சமாதியை 12 வீரர்கள் குதிரையில் சுற்றிவந்து புலம்பியதையும் உருக்கமாகப் பாடுகிறார்.