சீமை அத்தி கேட்பது குளிரை அல்ல!

அத்தி என்றதும் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு நினைவில் வருவது 2019-ல் 48 நாள் தரிசனம் தந்த அத்திவரதர்தான். ஆனால், பழக்கடையில் விற்கும் பெரிய அத்திப்பழம் நம் நாட்டு அத்தியில் காய்ப்பதல்ல. அது சீமை அத்தி. பெயரில் 'சீமை' இருப்பதாலும், கொடைக்கானல் பக்கம் விற்பதைப் பார்ப்பதாலும், அது குளிர்ப் பிரதேசப் பயிர் என்று ஓரிக்கை போன்ற ஊர்களில் ஒதுக்கிவிடுகிறோம். இந்த எண்ணம் மாற வேண்டும்.

மேற்கு ஆசியாவின் வறண்ட கோடையில் வளர்ந்த மரம் இது. குளிரில் மரம் பிழைக்கும், காய்தான் பழுக்காது. இங்கிலாந்தில் தெற்கு பார்த்த சுவரை ஒட்டி நட்டு, சுவரின் சூட்டில் பழுக்க வைக்கிறார்கள். அங்கே முந்தைய ஆண்டுக் கிளை நுனியில் தங்கும் பட்டாணி அளவுப் பிஞ்சுகளே மறு கோடையில் கனியும். மலைப்பகுதி விவசாயிகளுக்கும் இதில் பாடம் உண்டு: நல்ல வெயில் படும் இடத்தில் நடுங்கள், பழைய கிளைகளை முழுவதும் வெட்டிவிடாதீர்கள். காய் பருத்து, அதன் கண் சிவக்கும்போது ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய் தொட்டு வைத்தால் சில நாள் முன்னதாகவே கனியும்.

அவர்கள் பாடுபட்டுத் தேடும் வெயில் நமக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. நமக்குச் சிக்கல் மழைதான். கனியும் நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்துப் புளிக்கும். இலையில் துரு நோய் பரவும். 2016-ல் புவிசார் குறியீடு பெற்ற புனே மாவட்டத்துப் புரந்தர் அத்தியில், மழைக்கால மகசூலை 'கட்டா' என்றும் கோடை மகசூலை 'மீட்டா' என்றும் சொல்கிறார்கள். ஒன்று புளிப்பு, மற்றது இனிப்பு.

ஆகவே, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் கவாத்து செய்து, உரமிட்டு, அளவாகப் பாசனம் கொடுங்கள். நான்கைந்து மாதத்தில், கோடை வெயிலில் பழம் வரும். மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் 'பூனா' போன்ற ரகமா என்று கேட்டு வாங்குங்கள். பாலாற்றங்கரை மணற்பாங்கான நிலத்தில் வேர்முடிச்சு நூற்புழு தாக்கும். நடும் முன் கன்றின் வேரில் முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். வேரில் நீர் தேங்கவும் கூடாது.

இவ்வளவு சொன்னாலும், ஏக்கர் கணக்கில் நடச் சொல்ல மாட்டேன். அத்தியைக் காயாகப் பறித்தால் வாழைபோலப் பழுக்காது. காம்புப் பக்கம் துவண்டு, பழம் தொங்கி, கிள்ளினால் பால் வடியாத நிலையில்தான் பறிக்க வேண்டும். பறித்த பின் வெளியில் இரண்டு, மூன்று நாள்கூடத் தாங்காது. வாங்குபவர் யார் என்று தெரியாமல் நட்டால் நட்டம்தான்.

முதலில் பத்து மரம் வையுங்கள். கவாத்து செய்த தேதி, கனிந்த தேதி, பெய்த மழை மூன்றையும் குறித்து வாருங்கள். வட்டார வேளாண், தோட்டக்கலை அலுவலர்கள் இந்தக் குறிப்புகளைத் திரட்டினால், நம் பகுதிக்கான அத்தி நாட்காட்டி இரண்டு, மூன்று ஆண்டில் தயாராகிவிடும். அதன் பிறகு பரப்பைக் கூட்டலாம்.