ஒரு மார்க்கை எத்தனை முறை எழுதுவது?

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்தால் அடுத்த மாதமே பிரிண்டரும் வந்துவிடுகிறது. அதன் பின்னாலேயே ஒரு ரீம் பேப்பர். இனிமேல் பேப்பர் வேலையே இருக்காது என்று சொல்லித்தான் கம்ப்யூட்டரை வாங்கியிருப்போம். இது நம் வீட்டுக் கதை மட்டும் இல்லை. அபிகெயில் செல்லன், ரிச்சர்ட் ஹார்ப்பர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-களின் தொடக்கத்தில் வெளியிட்ட புத்தகத்தில், இமெயில் நுழைந்த அலுவலகங்களில் பேப்பர் செலவு சராசரியாக 40 சதவீதம் கூடியதாக எழுதினார்கள்.

திருவேங்கடம் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கும் கணக்கு ஆசிரியர் ஒருவர் எனக்கு நல்ல பழக்கம். அண்மையில் லேப்டாப் வாங்கியிருக்கிறார். நான் சாப்ட்வேர் கம்பெனியில் இருப்பதால் போன் செய்து கேட்டார்.

"தம்பி, நல்ல ஸ்கேனரா ஒண்ணு சொல்லு. பீரோவுல கெடக்குற பேப்பர் பூராத்தையும் உள்ள ஏத்திரணும்."

"ஸ்கேனர் இருக்கட்டும் சார். ஒரு பரீட்சை மார்க்கை மொத்தம் எத்தனை இடத்துல எழுதுறீங்க?"

எண்ண ஆரம்பித்தார். விடைத்தாளின் முகப்பில் ஒன்று. தன்னுடைய மதிப்பெண் பதிவேட்டில் ஒன்று. வகுப்பாசிரியருக்குக் கொடுக்கும் பட்டியலில் ஒன்று. ராங்க் கார்டில் ஒன்று. தலைமை ஆசிரியர் கேட்கும் தேர்ச்சி அறிக்கைக்காக ஒன்று. கடைசியில் ஆன்லைனில் ஏற்றுவது ஒன்று. ஆக ஆறு!

ஒரு கணக்குப் போடுவோம். வகுப்புக்கு 40 பேர், நான்கு வகுப்பு என்று வைத்துக்கொண்டால் 160 மார்க். ஆறு முறை எழுதினால் 960. இதில் முதல் 160-ஐத் தவிர மீதி 800-ம் வெறுமனே பார்த்து எழுதுவது. வருடத்திற்கு ஐந்து தேர்வு என்றால் 4,000 முறை. ஒவ்வொரு முறையும் 63 என்பது 36 ஆகிவிட வாய்ப்பு இருக்கிறது. 35 பாஸ் மார்க் என்னும்போது 34 எங்காவது 43 ஆனாலும், 43 எங்காவது 34 ஆனாலும் பாதிக்கப்படுவது ஒரு பையன்.

அதனால் என் கருத்து இதுதான். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய ஆசிரியர்கள் பேப்பரைக் குறைப்பது எப்படி என்று தொடங்க வேண்டாம். பார்த்து எழுதுவதைக் குறைப்பது எப்படி என்று தொடங்குங்கள். பேப்பர் தானாகக் குறையும். பேப்பர் அப்படி ஒன்றும் நமக்கு எதிரி இல்லை. 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று சரியாக 5 கிராம். (ஏ0 தாள் ஒரு சதுர மீட்டர், அதில் பதினாறில் ஒரு பங்கு ஏ4. வகுப்பில் கேட்கத் தோதான கேள்வி!) 500 தாள் ரீம் இரண்டரை கிலோ. கரூர் மாவட்டம் புகளூரில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. நோட்டும் டைரியும் காலண்டரும் அடிக்கும் சிவகாசி எங்கள் பகுதிக்குப் பக்கத்து ஊர். ஆசிரியரின் ஞாயிற்றுக்கிழமையைத் தான் எந்த ஆலையும் திருப்பிச் செய்து தராது.

எக்ஸெல் போன்ற ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராம் பிறந்ததே இந்தத் தொல்லையிலிருந்துதான். 1978-ல் ஹார்வர்டில் வணிகப் படிப்புப் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், பேராசிரியர் கரும்பலகையில் போட்ட அட்டவணையில் ஒரு எண்ணை மாற்றினால் மற்ற எண்களையும் அழித்து அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கவனித்தார். ஒன்றை மாற்றினால் மற்றவை தாமாக மாறினால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். 1979-ல் விசிகால்க் வெளிவந்தது. கரும்பலகைக்கு முன்னால் உதித்த புரோகிராமைக் கணக்கு ஆசிரியர்களே பயன்படுத்தாமல் இருக்கலாமா?

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமை நிறுவிக்கொள்ளலாம். ஒரு வகுப்புக்கு ஒரு பைல் போதும். முதல் நெட்டு வரிசையில் மாணவர் எண், அடுத்து பெயர், அதன் பிறகு ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு வரிசை. மார்க்கை இங்கே ஒரு முறை டைப் செய்திடுங்கள். வகுப்பாசிரியர் பட்டியலுக்கும் ராங்க் கார்டுக்கும் தேர்ச்சி அறிக்கைக்கும் அதே பைலில் தனித்தனி ஷீட் வைத்து, சமக் குறி போட்டு முதல் ஷீட்டின் செல்லோடு இணைத்துவிட்டால் எண்கள் தாமே வந்து உட்காரும். 35-க்குக் கீழே எத்தனை பேர் என்பதைக் கவுன்ட்இஃப் பார்முலா சொல்லிவிடும். ஆன்லைன் படிவத்தில் மட்டும் திரும்பவும் டைப் செய்ய வேண்டி வரலாம். ஆறு மூன்றாகக் குறைந்தாலும் லாபம் தானே!

ஒரு எச்சரிக்கை. தேர்வுக்கு வராதவருக்குப் பூஜ்யம் போடாதீர்கள். சராசரி எடுக்கும் ஆவரேஜ் பார்முலா பூஜ்யத்தையும் சேர்த்துக் கணக்கிடும். செல் காலியாக இருந்தாலோ, அதில் எழுத்து இருந்தாலோ விட்டுவிடும். டெங்குவில் படுத்திருந்த ஒரு பெண் மூன்று தேர்வில் 80, 80, வரவில்லை என்று இருந்தால் அவள் சராசரி 80. பூஜ்யம் போட்டால் 53. கையால் எழுதிய காலத்தில் ஆசிரியருக்கு அவள் வராதது ஞாபகம் இருக்கும். கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது? வராதவர் செல்லில் 'வரவில்லை' என்றே அடித்துவிடுங்கள்.

இன்னொன்று. பைல் கையில் இருக்கிறதே என்று முழுப் பட்டியலையும் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடும் பழக்கம் பெருகி வருகிறது. எனக்கு இது பிடிக்கவில்லை. நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பட்டியலைப் பள்ளிக்குள் இருப்பவர்கள் மட்டும் பார்த்தார்கள். நான்கு நாளில் கிழிந்தும் போகும். வாட்ஸ்அப்பில் போன 17 மார்க் கல்யாண வயது வரைக்கும் யார் போனிலாவது இருக்கும். மெயில் மெர்ஜ் வசதியைப் பயன்படுத்தி ஒரு ஏ4 தாளில் எட்டுப் பேருக்குச் சீட்டு அச்சடித்து, வெட்டி, அவரவர் கையில் கொடுங்கள். 40 பேருக்கு ஐந்தே தாள். இந்தப் பேப்பரை நான் மிச்சம் பிடிக்கச் சொல்ல மாட்டேன்.

பழைய வினாத்தாள்கள் பற்றி: பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்த பைல்கள் பலரிடம் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று தெரியும். "வர்க்கமூலம்" என்று தேடினாலும் கிடைக்காது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. எழுத்துரு மாற்றி கொண்டு இவற்றை யூனிகோடுக்கு மாற்றி, பைல் பெயரில் வருடத்தை முதலில் வைத்துச் சேவ் செய்திடுங்கள். தாமாகவே வரிசையில் நிற்கும். பென் டிரைவ் ஒன்றில் மட்டும் வைத்திருப்பதைப் பேக் அப் என்று சொல்லக் கூடாது. இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

சரி, பீரோ நிறைய இருக்கும் விடைத்தாள்கள்? ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம் தான். ஆயிரம் படங்களை யார் திறந்து பார்ப்பார்கள்? பெரும்பாலானவை பிள்ளைகளிடமே திரும்பிப் போக வேண்டியவை. கணக்கில் விடையைவிட வழிமுறை முக்கியம். மூன்றாவது வரியில் கழித்தல் குறி காணாமல் போனது எங்கே என்று பேனாவால் சுழித்துக் காட்டினால் தான் அந்தப் பையனுக்குப் புரியும். அதைப் பேப்பரிலேயே செய்யட்டும். படமாகக் காட்ட வேண்டியதற்கு ஜியோஜீப்ரா இருக்கிறது. மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மாணவராக இருந்தபோது தொடங்கியது அது. 2018 முதல் வந்த தமிழகக் கணக்குப் பாடநூல்களிலும் அதற்கான பயிற்சிகள் உண்டு.

கடைசியாக, பதிவேடுகள். கம்ப்யூட்டரில் இருந்தாலும் கையாலும் எழுதி வையுங்கள் என்று மேலிடத்தில் சொன்னால் நான் மேலே சொன்னதெல்லாம் வீண். எமிஸ் இணையதளப் பதிவு கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் தமிழகத்தில் பலமுறை குரல் எழுப்பியிருக்கின்றன. பாதிக் கோபம் கம்ப்யூட்டர் மீது இல்லை, இந்த இரட்டை வேலை மீதுதான் என்று நினைக்கிறேன். 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், எழுத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பது பின்னால் எடுத்துப் பார்க்கும்படி மின்னணு வடிவில் இருந்தாலும் போதும் என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 9-வது பிரிவு, மின்னணு ஆவணத்தை வாங்கிக்கொண்டே தீர வேண்டும் என்று ஒரு அரசு அலுவலகத்தை வற்புறுத்தும் உரிமை நமக்கு இல்லை என்றும் சொல்கிறது. ஆகவே ஷீட் தயாரானதும் ஒரு பிரிண்ட் எடுத்துத் தலைமை ஆசிரியரிடம் கொண்டுபோய், இதையே கையெழுத்திட்டுப் பதிவேடாக வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். ஜூன் மாதமே கேட்டுவிடுவது நல்லது. காலாண்டுத் தேர்வு நெருங்கிய பிறகு கேட்டால் இந்த வருடம் பழையபடியே போகட்டும் என்றுதான் பதில் வரும்.